செக்கைப் பார்த்த பிறகு எழுதிய கட்டுரை

தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். திருத்திய தேர்வுத்தாள்கள் எல்லாம் எடைக்குப் போய்விட்டன. ஆனால், தலைவர்களைப் பற்றியும் வரலாற்று நிகழ்ச்சிகளைப் பற்றியும் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் என் மனத்தைத் தொட்டவற்றை மட்டும் ஒரு தகரப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள் என்பதால் அதற்கு ஒரு கட்டுரைப் போட்டி. ஆகஸ்டில் விடுதலை நாளுக்கு ஒன்று. செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்தநாளுக்கு ஒன்று, டிசம்பர் 11 பாரதி பிறந்தநாளுக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதும் எங்கள் பள்ளியில் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் படித்ததிலும், பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்ததிலும், சில சமயம் தவறாகத் தீர்ப்புச் சொல்லிப் பின்னர் வருந்தியதிலும் நான் கற்றவற்றை இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளையின் கட்டுரை நோட்டை எடுத்துப் பார்க்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, காமராசர் பிறந்தநாள் போட்டிக்கு நான் நடுவராக இருந்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் வந்தன. குறிப்புச் சட்டகம், முன்னுரை, பிறப்பும் இளமையும், அரசியல் பணி, கல்விப் பணி, முடிவுரை என்று எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் கையெழுத்தும் நடையும் கண்ணைப் பறிக்கும்படி இருந்ததால் அதற்கு முதல் பரிசு கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து எங்கள் தமிழாசிரியர் ஒரு பழைய வழிகாட்டி நூலைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். முதல் பரிசு பெற்ற கட்டுரை அதில் வரிக்கு வரி இருந்தது. அந்த மாணவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மனப்பாடம் செய்து ஒரு பிழையும் இல்லாமல் எழுதுவதே நல்ல கட்டுரை என்றுதானே நாங்கள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம்! வருத்தம் வேறொன்றில் இருந்தது. அதே கட்டில், எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதிய ஒன்றரைப் பக்கக் கட்டுரையை நான் ஓரமாக வைத்திருந்தேன். எழுத்துப் பிழைகள் நிறைய, முன்னுரை இல்லை, முடிவுரையும் இல்லை. தன் ஆச்சி சிறுபிள்ளையாக இருந்தபோது மதியச் சாப்பாட்டுக்காகவே பள்ளிக்கூடம் போனதையும், தட்டு இல்லாததால் வீட்டிலிருந்து ஒரு ஈயப் போகணியை எடுத்துப் போனதையும், மக்காச்சோள உப்புமாவின் வாசம் இன்னும் மூக்கில் இருப்பதாக ஆச்சி சொன்னதையும் அவள் எழுதியிருந்தாள். அந்த நாற்பது கட்டுரைகளில் காமராசர் காலத்தை உண்மையில் தொட்டது அது ஒன்றுதான். எனக்கு அது தெரியாமல் போயிற்று.

அந்தச் சிறுமியின் கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தபோது, அதிலிருந்து எத்தனை பாடங்களை நடத்தலாம் என்று தோன்றியது. மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தார். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய் வரக்கூடிய தூரம்தான் அது. 1960-களில் அமெரிக்காவின் கேர் நிறுவனம் தந்த உணவுப் பொருள்களும் அந்தத் திட்டத்தில் சேர்ந்தன; ஆச்சியின் மூக்கில் தங்கிய மக்காச்சோள வாசத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அதற்கு முன்பே 1920-ல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்கு உணவு கொடுத்திருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியது சத்துணவுத் திட்டம். இந்த மூன்றையும் பிள்ளைகள் ஒன்றாகக் குழப்பி, காமராசர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார் என்று எழுதுவார்கள்; நாங்களும் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். 1920, 1956, 1982 ஆகிய மூன்று ஆண்டுகளையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு, "உங்க ஆச்சி தாத்தா எந்த வருஷம் பள்ளிக்கூடத்துல சாப்பிட்டாங்க, கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பினால் குழப்பம் தானாகத் தீர்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து அப்படித்தான் செய்தேன். பெரியவர்களிடம் கேட்டு வந்த பிள்ளை அந்த ஆண்டுகளைத் திரும்ப மறந்ததே இல்லை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு எழுத வாய்த்த மண்ணே ஒரு பேறு. ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார், அதற்குப் பக்கத்தில் பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரத்தில் பாரதி, வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷைச் சுட்ட மணியாச்சி ரயில் நிலையம், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறு. இத்தனையும் அரைநாள் பயணத்துக்குள் இருந்தும், பிள்ளைகள் இந்த ஊர்களைப் பற்றி எழுதும்போது ஏதோ கண்காணாத தேசத்தைப் பற்றி எழுதுவதுபோல எழுதுகிறார்கள். அதற்கு முதல் காரணம் அடைமொழி என்பது என் துணிபு. செக்கிழுத்த செம்மல், கப்பலோட்டிய தமிழன், கல்விக்கண் திறந்தவர், கர்மவீரர், படிக்காத மேதை என்று நாம் அன்பினால் சூட்டிய பெயர்களையே பிள்ளைகள் வரலாறாக எடுத்துக்கொள்கிறார்கள். அடைமொழி தவறன்று. அது ஒரு நிகழ்ச்சியின் சுருக்கம். அந்த நிகழ்ச்சி தெரியாத பிள்ளையின் கையில் அது வெறும் ஓசை.

இதை எனக்கு விளங்க வைத்தவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். வ.உ.சி. பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தான்; அதில் "செக்கிழுத்த செம்மல்" என்பது பதினோரு இடத்தில் வந்தது. நான் அவனைக் கூப்பிட்டு, "செக்கு பாத்திருக்கியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றான். "எதுக்கு உதவும்னாவது தெரியுமா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். கோவைச் சிறையில் அந்த மனிதர் பட்ட பாட்டை நான்கு பக்கம் எழுதிய பையனுக்கு, அவர் எதை இழுத்தார் என்பது தெரியாது. நானும் பல ஆண்டுகளாக அந்தச் சொல்லை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்; செக்கு என்றால் என்ன என்று ஒரு நாளும் விளக்கியதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஏழெட்டுப் பிள்ளைகளை, பெற்றோரிடம் சொல்லிவிட்டு, பக்கத்து ஊர் எண்ணெய்க் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே மரச்செக்கு மோட்டாரில் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பெரியவர், அவருடைய அப்பா காலத்தில் மாடு கட்டி ஆட்டிய கல்செக்கு கடைக்குப் பின்னால் வேலி ஓரத்தில் கிடந்தது. அதை அவர் பிள்ளைகளுக்குக் காட்டினார். உரலின் குழியில் எள்ளைப் போடுவது எங்கே, உலக்கை நிற்பது எங்கே, நுகத்தடி எந்தப் பக்கம் வரும், மாடு எந்த வட்டத்தில் சுற்றும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மாடு சுற்றிய தடம் மண்ணில் இப்போது இல்லை. அவர் குச்சியால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அந்தப் பையன் அந்த வட்டத்தில் ஒரு முறை நடந்து பார்த்தான், பிறகு இன்னொரு முறை. "மாடு இழுக்கிறத மனுஷன இழுக்க விட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டான். நான் ஆமாம் என்றேன். அதற்குமேல் அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவன் கொண்டுவந்த கட்டுரை ஒரு பக்கம்தான் இருந்தது. செம்மல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. உலக்கையையும் நுகத்தடியையும் வட்டத்தையும் எழுதியிருந்தான். வழக்கறிஞராக இருந்த ஒருவர் மாடு நடக்க வேண்டிய இடத்தில் நடந்தார் என்று எழுதியிருந்தான். நான் அதன் ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் தேதியை மட்டும் போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தேன். அந்தப் பெட்டியில் நான் வைத்த முதல் கட்டுரை அது.

பொருளைக் காட்டுவதற்கு அடுத்தபடி எனக்குக் கை கொடுத்தது கணக்கு. வரலாற்றுக் கட்டுரையில் எண்கள் வந்தால் பிள்ளைகள் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். அவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொன்னால்தான் எண்ணுக்கு உயிர் வருகிறது. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று படிக்கிறோம். அப்படியானால் எத்தனை பங்கு விற்க வேண்டும்? பிள்ளைகள் வகுத்துப் பார்த்து நாற்பதாயிரம் என்பார்கள். நாற்பதாயிரம் பங்குகளை விற்க ஒரு மனிதர் எத்தனை ஊர் அலைந்திருக்க வேண்டும், எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று கேட்டால் வகுப்பு ஒரு நொடி அமைதியாகும். ஹாஜி முகமது பக்கீர் சேட் எட்டாயிரம் பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார் என்றால் அது மொத்தத்தில் எவ்வளவு பாகம் என்று ஒரு பெண் கணக்குப் போட்டு, "அஞ்சுல ஒண்ணு டீச்சர்" என்றாள். பாண்டித்துரைத் தேவர் நிறுவனத்தின் தலைவராக இருந்ததையும் சேர்த்துச் சொன்னபோது, ஒரு தனி மனிதர் கப்பல் ஓட்டினார் என்று அதுவரை எழுதி வந்த பிள்ளைகள், பலர் சேர்ந்து ஒரு நிறுவனத்தைக் கட்டினார்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின என்ற ஒரு வரிக்குப் பின்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள்.

வயதுக் கணக்கும் அப்படித்தான். 1872 செப்டம்பரில் பிறந்த வ.உ.சி., 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தபோது எத்தனை வயதாக இருந்தார்? முப்பத்தைந்து. தண்டனை நாற்பது ஆண்டு. முழுவதும் அனுபவித்திருந்தால் எந்த வயதில் வெளியே வந்திருப்பார்? எழுபத்தைந்து. அவர் எந்த ஆண்டு இறந்தார்? 1936 நவம்பர் 18, அறுபத்து நான்காம் வயதில். அதாவது, மேல்முறையீட்டில் தண்டனை குறையாமல் இருந்திருந்தால், அவர் சிறைக்குள்ளேயே இறந்திருப்பார் என்பதை வகுப்பில் ஒரு பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும்போது, கொடுமையான தண்டனை என்ற அடைமொழி தேவைப்படுவதில்லை. கட்டுரை எழுதும் முன் ஒரு தாளில் காலக்கோடு போட்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே அந்தத் தலைவரின் வயதை எழுதும்படி சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான். ஆனால் முந்நூறு கட்டுரைகளில் நான் கண்ட பிழைகளில் பாதிக்கு மேல் அந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும். பிறக்கும் முன் போராட்டத்துக்குப் போனவர்களும், இறந்த பின் மாநாட்டில் பேசியவர்களும் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள்.

திரைப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கட்டபொம்மனைப் பற்றி எழுதச் சொன்னால் பத்துக்கு எட்டுப் பிள்ளைகள் 1959-ல் வந்த திரைப்படத்தின் வசனத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதிவிட்டு, கட்டபொம்மன் சாக்சனிடம் இவ்வாறு முழங்கினான் என்று முடிப்பார்கள். அந்த வசனத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. என் தந்தையார் அதை அடிபிசகாமல் சொல்வார். ஆனால் அது திரைப்படத்துக்காக எழுதப்பட்டது. 1798-ல் யாரும் பேசிப் பதிவானது அன்று. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் முதலில் முகம் வாடும், ஏதோ நாம் கட்டபொம்மனையே பறித்துக்கொண்டது போல. அப்போது கைவிட்டுவிடக் கூடாது. பாடநூலிலேயே இருப்பதை எடுத்துக் காட்ட வேண்டும். கலெக்டர் சாக்சன் தன்னைச் சந்திக்கும்படி ஆணையிட்டுவிட்டு, கட்டபொம்மனை ஊர் ஊராகத் தன் பின்னால் அலையவிட்டதும், கடைசியில் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் சந்தித்தபோது மணிக்கணக்காக நிற்க வைத்ததும், கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டதும், அமைச்சர் சிவசுப்பிரமணியனார் பிடிபட்டதும், பின்னர் சென்னையில் இருந்த மேலிடமே விசாரித்துச் சாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியதும் எந்த வசனத்துக்கும் குறைந்தவை அல்ல. அதிலும் அந்தக் கடைசிச் செய்தி பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும். "அப்போ தப்பு சாக்சன் மேலதான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்களா?" என்று ஒருவன் கேட்டான். ஒத்துக்கொண்ட பிறகும் அடுத்த ஆண்டே மேஜர் பானர்மேன் படையோடு ஏன் வந்தான் என்ற கேள்வி அதிலிருந்து தானாகப் பிறக்கிறது. அந்தக் கேள்வியில் தொடங்கும் கட்டுரை, வசனத்தில் தொடங்கும் கட்டுரையைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்குச் சுற்றுலா போய்விட்டு வந்து எழுதும் கட்டுரைகளில் இன்னொரு பிழை வரும். அங்கே இப்போது நிற்கும் கோட்டை 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. பிள்ளைகள் அதன் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டபொம்மன் நடந்த தாழ்வாரத்தில் நடந்தேன் என்று உணர்ச்சியோடு எழுதுவார்கள். பழைய கோட்டையை வெள்ளையர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அதன் அடித்தளச் சிதைவுகள் பக்கத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. எந்த இடத்துக்கு அழைத்துப் போனாலும் முதலில் எது பழையது, எது பின்னால் கட்டியது என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். அந்தச் சிதைவுகளின் முன்னால் பிள்ளைகளை ஐந்து நிமிடம் நிற்க வைத்தால் போதும்.

பாரதி விஷயத்தில் நானே பல ஆண்டுகள் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை தாக்கி இறந்தார் என்று நான் சிறுவயதில் கேட்டதை அப்படியே வகுப்பில் சொன்னேன். பிள்ளைகளும் அப்படியே எழுதினார்கள். யானை தாக்கியது உண்மை. ஆனால் அவர் அதிலிருந்து தேறி, வேலைக்குத் திரும்பி, ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசிவிட்டும் வந்திருக்கிறார். வயிற்றுக்கடுப்பு நோய்தான் 1921 செப்டம்பரில் அவர் உயிரைக் கொண்டுபோயிற்று. இதை நான் படித்துத் தெரிந்துகொண்ட மறுநாள் வகுப்பில், "இதுவரைக்கும் நான் சொன்னது தப்பு, திருத்திக்கோங்க" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதால் பிள்ளைகளிடம் என் மதிப்புக் குறையவில்லை. அதன் பிறகுதான் அவர்கள் என்னிடம் வந்து, "டீச்சர், இது நிஜமா, இல்ல கதையா?" என்று அச்சமில்லாமல் கேட்கத் தொடங்கினார்கள்.

நாள் பற்றியும் ஒரு சொல். பாரதியின் மறைவு செப்டம்பர் 11 என்றும் 12 என்றும் நூல்களில் வரும். நள்ளிரவைத் தாண்டி உயிர் பிரிந்ததால் வந்த வேறுபாடு இது. பெற்றோர்கள் சிலர் இப்படி வேறுபாடு வந்தால் எது சரி என்று சண்டைக்கு வருவார்கள். நள்ளிரவுக் கணக்கை விளக்கி இரண்டையும் எழுதிய மாணவனுக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகத்தான் போட்டேன்.

தலைவர்களைப் பற்றி மட்டுமே எழுதுவதில் ஒரு குறையும் உண்டு. தலைவரைச் சுற்றி இருந்தவர்கள் கட்டுரைக்குள் வருவதே இல்லை. 1930-ல் நடந்த உப்புச் சத்தியாக்கிரகம் பற்றி எழுதும் பிள்ளைகள் தண்டியோடு நிறுத்திவிடுவார்கள். வேதாரண்யத்தைச் சேர்த்தவர்களிலும் சிலர் காந்தியடிகளே அங்கு வந்து உப்பு அள்ளினார் என்று எழுதிவிடுவார்கள். திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் புறப்பட்டதையும், தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் அவர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்களைத் தண்டிப்பேன் என்று அறிவித்ததையும், மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனதையும் நான் வகுப்பில் சொல்வேன். பிறகு, "ராஜாஜிய விட்டுடுங்க. பொட்டலம் கட்டித் தொங்கவிட்ட ஓர் அம்மாவைப் பத்தி எழுதுங்க" என்பேன். அந்தக் கட்டுரைகள்தான் என் பெட்டியில் அதிகம். பொட்டலத்தில் புளிச்சோறு வைப்பாளா, கட்டுச்சோறு எத்தனை நாள் தாங்கும், இருட்டிய பிறகா விடியும் முன்பா போவாள், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா என்றெல்லாம் பிள்ளைகள் தங்களுக்குள் விவாதிப்பார்கள். கற்பனைதான். ஆனால் எது கற்பனை, எது நடந்தது என்று பிரித்து எழுத வேண்டும் என்பது என் கட்டளை. நடந்ததைக் கருப்பு மையிலும் கற்பனையை நீல மையிலும் எழுதச் சொல்வேன். அந்த இரண்டு மையும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்த அளவு நான் வேறு எதையும் கற்றுக் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே கண்ணோடு தூத்துக்குடிக்குத் திரும்பினால் 1908-ன் வ.உ.சி. இன்னும் பெரியவராகத் தெரிகிறார். கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்றார். மார்ச் 12 அன்று அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கேட்டு மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். பிள்ளைகளின் கட்டுரைகளில் இந்த நால்வர் ஒரு வரிகூடப் பெறுவதில்லை. அவர் கைதானார், மக்கள் கொதித்தெழுந்தனர் என்று முடிந்துவிடும். கொதித்தெழுந்தவர் யார், எங்கே கூடினார்கள், எந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு நாளுக்குள் ஓர் ஊர் என்ன செய்தது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பிறப்பு முதல் இறப்பு வரை என்று கொடுக்கும் தலைப்புத்தான் பிள்ளைகளை வழிகாட்டி நூலுக்குத் துரத்துகிறது. ஒரு நாள், ஓர் இடம், ஒரு முடிவு என்று தலைப்பைச் சுருக்கிக் கொடுத்தால் அந்தத் தலைப்புக்கு எந்த வழிகாட்டியிலும் விடை கிடைக்காது. பிள்ளை தானே தேடித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒன்று. வெள்ளைக்காரர் என்றாலே கொடியவர் என்று எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு நான் கடைசியாகச் சொல்லும் செய்தி வாலேஸ்வரன் என்ற பெயர். 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சி. வழக்கறிஞர் உரிமத்தை இழந்து வறுமையில் உழன்றார். அரிசிக் கடையும் எண்ணெய்க் கடையும் வைத்துப் பார்த்தார். அந்த உரிமத்தைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியால் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. பின்ஹேயும் ஆங்கிலேயர், வாலசும் ஆங்கிலேயர். ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன மனிதர் தனக்கு நன்மை செய்தவரின் பெயரைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கூப்பிட்டார் என்பதைப் படிக்கும் பிள்ளையின் கட்டுரையில், பிறகு "கொடுங்கோலர்கள்" என்ற ஒட்டுமொத்தச் சொல் குறைந்துவிடுவதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். கப்பல் நிறுவனம் நிலைக்காமல் போனதையும், வெளியே வந்தவரை வரவேற்கக் கூட்டம் இல்லாமல் போனதையும் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மறைக்கிறார்கள். தலைவரின் புகழ் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். பதினான்கு வயதுப் பிள்ளைகள் தோல்வியைப் பெரியவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். வறுமையோடு இருந்த அந்த ஆண்டுகளிலும் அவர் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார் என்று சொன்னபோது, அப்பாவின் கடை மூடியிருந்த ஒரு பெண் தன் கட்டுரையில் அந்த ஒரு வரியை மட்டும் அடிக்கோடிட்டிருந்தாள்.

திருத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதல் வாசிப்பில் சிவப்பு மையை எடுப்பதில்லை. பென்சிலால் மூன்றே கேள்விகளை ஓரத்தில் எழுதுவேன்: இதை யார் சொன்னது, நீ எங்கே பார்த்தாய், இது நடந்தபோது அவருக்கு என்ன வயது. பிள்ளை அதற்கு விடை எழுதிக் கொண்டுவந்த பிறகுதான் எழுத்துப் பிழை, ஒற்று, நிறுத்தக்குறி. முதலிலேயே ஒற்றுப் பிழையைச் சுழித்தால் பிள்ளை ஒற்றை மட்டும் திருத்திக்கொண்டு வருவான். செய்தி பிழையாகவே இருக்கும். இப்போது கைப்பேசியில் கேட்டால் நொடியில் ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. அதை எப்படித் தடுப்பது என்று இளைய ஆசிரியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். தடுக்க முயல வேண்டாம் என்றே சொல்கிறேன். வந்த கட்டுரையை அச்செடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதில் உள்ள ஒவ்வோர் ஆண்டையும் பாடநூலோடும் நூலகப் புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போகாதவற்றைச் சுழித்துக்கொண்டு வரட்டும்.

ஓய்வு பெற்ற பிறகும் ஜூலை மாதத்தில் என்னை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். சென்ற முறை போட்டிக்கு முதல்நாள் மாலை, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். காமராசர் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்ததாகத் தன் ஆச்சி சொல்வதாகவும், தலைமையாசிரியர் வைத்திருந்த பழைய பதிவேட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்றும் சொன்னாள். "எதை எழுதட்டும் டீச்சர்?" என்றாள். ரெண்டையும் எழுது, யார் யார் சொன்னதுன்னும் சேர்த்து எழுது என்றேன். ஆச்சிக்கு அப்போது என்ன வயது என்று அவளிடம் கேட்டேன். அவள் திண்ணையில் உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் கழித்தல் கணக்குப் போடத் தொடங்கினாள்.